கப்ளிங் ஆடுகிறது: இறுக்குவதா, ஒட்டுவதா, மாற்றுவதா?

துறைமேடைக்கு இன்னும் இரண்டு படகு நீளம்தான் பாக்கி. வழக்கம்போல ரிவர்ஸ் போட்டேன். படகு நின்றது, ஆனால் கீழே எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் முன்னே நகர்த்தலாம் என்று முன் கியர் போட்டால் மறுபடி ஒரு ‘டக்’. கயிறுகளைக் கட்டிவிட்டு என்ஜின் மூடியைத் திறந்தேன். நண்பரை மேலே நிறுத்தி, மெதுவான ஓட்டத்தில் கியரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிவர்ஸ் போட்டதும், ப்ரொபெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் பின்விளிம்பை ஒட்டி, ஷாஃப்டில் அரை விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு வளையம் தெரிந்தது. முன் கியர் போட்டதும் மறைந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, அந்த வளையம் மட்டும் நேற்று கடைந்தது போல இருந்தது. இத்தனை வருடமாகக் கப்ளிங்குக்குள் ஒளிந்திருந்த எஃகு அது. ஷாஃப்ட் உள்ளே போய் வெளியே வந்து கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ‘ஸ்க்ரூவை இறுக்கு’ என்பதுதான். அதுவும் ஒரு வழிதான். அதைத் தவிர இன்னும் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது யாருக்கு, எப்போது என்று பார்ப்போம். எல்லாவற்றையும் நடுநிலையாகச் சொல்லப்போவதில்லை. சிலவற்றை நான் செய்ய மாட்டேன், ஏன் என்பதையும் சொல்கிறேன்.

எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது

கியர்பாக்ஸின் பின்னால் ஒரு ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் துளைகள் உள்ள வட்டத் தட்டு. அதோடு மூன்று அல்லது நான்கு போல்ட் போட்டு இணைந்திருப்பது கப்ளிங். கப்ளிங்கின் நடுத்துளைக்குள் ஷாஃப்ட். இரண்டுக்கும் இடையில் நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில் ஒரு கீ. பக்கவாட்டில் இருந்து துளைத்து ஷாஃப்டை அழுத்தும் இரண்டு செட் ஸ்க்ரூ. பெரும்பாலான சின்னப் பாய்மரப் படகுகளில் இவ்வளவுதான்.

கீ சுழற்சியைக் கடத்துகிறது, அவ்வளவுதான். ஷாஃப்ட் நீளவாக்கில் நழுவுவதை அது தடுக்காது. முன்னே போகும்போது ப்ரொபெல்லர் தண்ணீரைப் பின்னே தள்ளி, ஷாஃப்டைக் கப்ளிங்குக்குள் அழுத்துகிறது. அதனால் எல்லா ஸ்க்ரூவும் கழன்றிருந்தாலும் முன் கியரில் படகு ஒழுங்காகவே ஓடும். ரிவர்ஸில் அதே ப்ரொபெல்லர் ஷாஃப்டைப் படகை விட்டு வெளியே இழுக்கிறது. அந்த நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு செட் ஸ்க்ரூவும், துளைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலான இறுக்கமும் மட்டுமே. கோளாறு மாதக்கணக்கில் மறைந்திருந்து, நிறுத்தியே ஆக வேண்டிய இடத்தில், அதாவது துறைக்குள் ரிவர்ஸ் போடும்போது வெளிப்படுவது இதனால்தான்.

முழுதாக நழுவினால் என்ன ஆகும்? சுக்கான் நேர் பின்னால் இருக்கும் படகுகளில் ப்ரொபெல்லர் சுக்கானில் போய் முட்டி நிற்கலாம். அப்போது என்ஜினும் இல்லை, சுக்கானும் திரும்பாது. தடுக்க எதுவும் இல்லாத படகில் ஷாஃப்ட் மொத்தமாகப் போய்விடும். 25 மி.மீ. துளை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். படகில் கூம்பு வடிவ மரச்செருகி ஒன்றை, ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வைப்பது இதற்காகத்தான்.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள்

‘கப்ளிங் லூஸ்’ என்று சொன்னால் அது மூன்று வேறு வேறு கோளாறாக இருக்கலாம். ஃபிளேஞ்ச் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: புது போல்ட், புது லாக் நட், சரியான இறுக்கம், வேலை முடிந்தது. அல்லது செட் ஸ்க்ரூ கழன்று, துளையும் கீயும் நல்ல நிலையில் இருக்கலாம். மூன்றாவது, துளையே தேய்ந்து பெரிதாகியிருப்பது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை. என்ஜினை அணைத்து, கியர் போட்டு வைத்து, செட் ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்குங்கள். பிறகு ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும், சுழற்றியும் ஆட்டிப் பாருங்கள். ஒரு விரல்நுனியைக் கப்ளிங்கும் ஷாஃப்டும் சேரும் கோட்டின்மேல் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். இறுக்கிய பிறகும் அசைந்தால் துளை தேய்ந்துவிட்டது.

இன்னொரு அடையாளம், கீ இருக்கும் இடத்தில் செங்கல் பொடி போலச் செந்நிறத் தூள் படிந்திருப்பது. இரண்டு உலோகம் நுண்ணிய அளவில் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தால் வரும் துரு அது. ஈரத்தால் வரும் துரு பொருக்கு பொருக்காக இருக்கும். இது மாவு மாதிரி இருக்கும். இதைப் பார்த்தால் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

கூம்பு முனையும் நடுவில் நட்டும் உள்ள கப்ளிங் உங்களுடையது என்றால் கீழே வரும் பலவும் உங்களுக்குப் பொருந்தாது. அதில் நட்டைத் திறந்து, கூம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கிப் பூட்டினால் போதும்.

இருக்கிற ஸ்க்ரூவையே இறுக்குவது

படகைக் கரையேற்ற வேண்டாம், லேத் வேண்டாம், ஒரு மணி நேர வேலை. துளை தேயாத படகுக்கு இது சரியான தீர்வு. ஆனால் பாதி பேர் இதை அரைகுறையாகச் செய்கிறார்கள், அதனால்தான் மூன்று மாதத்தில் மறுபடி கழல்கிறது.

ஸ்க்ரூவின் முனை வழவழப்பான ஷாஃப்டின் மேல் வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தால் அது வழுக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் துளை வழியாகவே டிரில் விட்டு, ஷாஃப்டில் ஒரு சின்னக் குழி போட வேண்டும். மறையைக் கெடுக்காத அளவுக்கு டிரில் பிட் சிறியதாக இருக்கட்டும். ஸ்க்ரூவின் முனை உட்காரும் அளவுக்குக் குழி போதும். ஏற்கனவே குழி இருந்தால் அது நீண்டு முட்டை வடிவம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ஸ்க்ரூ எவ்வளவு காலமாக உள்ளே நடனமாடியிருக்கிறது என்று புரியும். அந்தப் பழைய குழியில் மறுபடி இறுக்குவதில் பயனில்லை.

அப்புறம் பூட்டு. தலையில் துளையுள்ள சதுரத்தலை ஸ்க்ரூ என்றால் ஸ்டெயின்லெஸ் கம்பியை இரண்டு தலைகளுக்கும் இடையே முறுக்கிக் கட்டுங்கள். கம்பி இழுக்கும் திசை ஸ்க்ரூ இறுகும் திசையாக இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டினால் கம்பியே கழற்றிவிடும். தலையில்லாத ஆலன் ஸ்க்ரூவில் கம்பி கட்ட வழியில்லை. மறையில் நடுத்தர வகை லாக்டைட் 243 விட்டு, இடம் இருந்தால் மேலே இன்னொரு ஸ்க்ரூவையும் போட்டுப் பூட்டலாம். சதுரத்தலைக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

தேய்ந்த துளையிலும் இதைச் செய்யலாம், ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்.

ஒட்டுவது

மறைக்குப் போடும் பசை வேறு, ஷாஃப்டையும் துளையையும் ஒன்றாகப் பிடிக்கும் பசை வேறு. பின்னதில் லாக்டைட் 638 கால் மி.மீ. இடைவெளி வரை நிரப்பும். தேய்ந்த பாகங்களுக்கென்றே வரும் 660 அரை மி.மீ. வரை நிரப்பும். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது: துடைத்து, பூசி, செருகி, மறுநாள் வரை விட்டால் முடிந்தது.

ஆனால் என்ஜின் அறையில் எண்ணெய் இல்லாத உலோகம் என்று ஒன்று கிடையாது. கப்ளிங்கை வெளியே எடுத்து இரண்டு பக்கத்தையும் சுத்தமாகக் கழுவாமல், இடுக்கில் நாலு சொட்டு விட்டால் அது ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் எஃகில் இந்தப் பசை மெதுவாகத்தான் இறுகும், ஊக்கி தெளிக்க வேண்டியிருக்கும். எல்லாம் சரியாகச் செய்தால் பிடி பலமாக இருக்கும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். அடுத்த முறை ஷாஃப்டைக் கழற்றக் கப்ளிங்கைச் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். டீசலும் ரப்பர் குழாய்களும் நிறைந்த குறுகலான அறைக்குள், முழங்காலில் உட்கார்ந்து, தீயைப் பிடித்துக்கொண்டு. நான் செய்ய மாட்டேன்.

இன்னொன்று: இடைவெளியைப் பசை நிரப்பினாலும் கப்ளிங்கை ஷாஃப்டின் நடுமையத்தில் அது உட்கார வைக்காது. கால் மி.மீ. ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகினால் அந்தச் சாய்வு நிரந்தரமாகிவிடும். தொலைவான இடத்தில், வேறு பாகமே கிடைக்காத நிலையில், கையில் ஒரு குப்பி இருந்தால் சரி. திட்டமிட்டுச் செய்யும் வேலை இல்லை இது.

குறுக்கே துளைத்து முள் அடிப்பது

கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சேர்த்துக் குறுக்கே துளைத்து ஒரு போல்ட் அல்லது முள்ளைச் செருகிவிட்டால் நழுவவே நழுவாது. உண்மைதான். சில பழைய படகுகளில் அப்படியே வந்திருக்கும், இருக்கிறதைத் தொட வேண்டாம். ஆனால் புதிதாகத் துளைப்பது வேறு. 25 மி.மீ. ஷாஃப்டில் 8 மி.மீ. துளை என்றால் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏற்கனவே கீக்குப் பள்ளம் வெட்டியிருக்கும் இடம் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் வளைவு வாங்கும் ஷாஃப்ட் அந்தத் துளையின் விளிம்பில்தான் விரிசல் விடத் தொடங்கும். கப்ளிங்கை விட ஷாஃப்ட் விலை அதிகம். மலிவான பாகத்தைக் காப்பாற்ற விலை கூடிய பாகத்தைப் பலி கொடுப்பது போல இருக்கிறது எனக்கு.

மாற்றுவது: ஒற்றைத் துண்டா, பிளந்ததா

துளை தேய்ந்திருந்தால் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையேதான்.

ஒற்றைத் துண்டுக் கப்ளிங் என்பது உங்களிடம் இப்போது இருக்கும் அதே வகை. இதை வாங்கி அப்படியே மாட்டுவது பாதி வேலை. ஷாஃப்டையும் கப்ளிங்கையும் சேர்த்து லேத்துக்குக் கொண்டுபோய், லேசாகத் தட்டி ஏற்றும் அளவுக்குத் துளையை இறுக்கமாகக் கடைந்து, மாட்டிய பிறகு ஷாஃப்டோடு சேர்த்துச் சுழற்றி ஃபிளேஞ்ச் முகத்தை ஒரு மெல்லிய சீவு சீவ வேண்டும். அப்போதுதான் முகம் ஷாஃப்டுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்கும். அதற்கு ஷாஃப்ட் வெளியே வர வேண்டும், ஷாஃப்ட் வெளியே வரப் படகு கரையேற வேண்டும். நன்றாகச் செய்தால் இதைவிட உறுதியானது இல்லை. அந்த இறுக்கமே அதன் குறையும்கூட. பத்து வருடம் கழித்துக் கழற்ற முயன்றால் துருவோடு ஒன்றாகிப் போயிருக்கும். சுத்தியலால் பின்னோக்கி அடித்தால் அந்த அடி கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே ஷாஃப்ட் முனையில் முட்டும்படி ஒரு சாக்கெட்டை வைத்து, நீளமான போல்ட்டுகளைச் சிறிது சிறிதாகச் சுற்றி வந்து இறுக்கினால் அது ஷாஃப்டைத் தள்ளி வெளியேற்றும். பொறுமை போனால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிளந்த கப்ளிங்கில் குழல் பகுதி நீளவாக்கில் பிளந்திருக்கும். குறுக்கே உள்ள போல்ட்டுகளை இறுக்கினால் அது ஷாஃப்டைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும். இரண்டு புள்ளியில் அழுத்தும் செட் ஸ்க்ரூ எங்கே, முழுச் சுற்றளவிலும் பிடிக்கும் கவ்வல் எங்கே! ரிவர்ஸ் இழுவையை உராய்வே தாங்கிக்கொள்ளும், செட் ஸ்க்ரூ கூடுதல் காப்பு. போல்ட்டைத் தளர்த்தினால் கையாலேயே வந்துவிடும். ஷாஃப்டின் முனை நல்ல நிலையில் இருந்தால், படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே மாற்றிவிடலாம். ஷாஃப்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும், குழாயை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. தள்ளும் முன் அது மேலும் போகாதபடி கட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் உதடு வகை சீல் இருந்தால் கீ பள்ளத்தின் கூர்மையான விளிம்பு அதைத் தாண்டிப் போகக் கூடாது, உதட்டைக் கிழித்துவிடும்.

இதன் குறை ஒன்றுதான், ஆனால் முக்கியமானது. தேய்ந்த ஷாஃப்டை இது காப்பாற்றாது. போல்ட் முழுதாக இறுகிய பிறகும் பிளவில் இடைவெளி தெரிய வேண்டும். இரண்டு உதடும் ஒட்டிவிட்டால் போல்ட்டின் முழு வலிமையும் இரும்போடு இரும்பை அழுத்தவே போகிறது, ஷாஃப்டுக்கு ஒன்றும் வராது. கையில் சின்ன அளவுமானி இருந்தால் ஷாஃப்டின் முனையை நாலு இடத்தில் அளந்துவிட்டு வாங்குங்கள். மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு அங்குலக் கப்ளிங் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. 25 மி.மீ.க்கும் ஒரு அங்குலத்துக்கும் 0.4 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது.

நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். என் ஷாஃப்டில் தேய்மானம் குறைவு, தேய்ந்தது துளைதான். லேத்துக்காரரிடம் பழைய கப்ளிங்கைக் கொடுத்தபோது விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது துளை இல்லைங்க, முட்டை” என்றார்.

நெகிழ்வுத் தட்டு தீர்வா?

கியர்பாக்ஸுக்கும் கப்ளிங்குக்கும் நடுவில் போடும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தட்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதிர்வைக் குறைக்கும், ப்ரொபெல்லரில் கயிறு சிக்கினால் கியர்பாக்ஸுக்குப் பதிலாகத் தான் உடையும். நல்ல பொருள்தான். ஆனால் ஷாஃப்ட் கப்ளிங்குக்குள் நழுவுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடுகிற பல்லுக்குப் பக்கத்தில் தலையணை வைத்த கதை.

மேலும் அதன் தடிப்பு அளவுக்கு ஷாஃப்ட் பின்னால் போகும். ப்ரொபெல்லருக்கும் சுக்கானுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்தொடர்பும் அறுந்துவிடுவதால், என்ஜின் வழியாக அரிப்பிலிருந்து காப்பு பெற்றிருந்த ஷாஃப்டுக்குத் தனி இணைப்புக் கம்பியோ, அதற்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் சொந்தத் துத்தநாகத் துண்டோ தேவைப்படும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் இது கைகொடுக்கும். ஷாஃப்டின் முனை மட்டும் தேய்ந்து, மீதி நன்றாக இருந்தால், கீ பள்ளத்துக்கு மிச்சம் நீளம் இருக்கும்பட்சத்தில், தேய்ந்த துண்டை அறுத்துவிட்டு, குறைந்த நீளத்தைத் தட்டின் தடிப்பால் ஈடுகட்டலாம். அப்போது புதுக் கப்ளிங் பழுதில்லாத உலோகத்தைக் கவ்வும், ப்ரொபெல்லர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உந்துவிசையைத் தனி பேரிங்கில் வாங்கிக்கொள்ளும் அக்வாட்ரைவ் போன்ற அமைப்புகள் என்ஜினையே மாற்றும்போது யோசிக்க வேண்டியவை. அதற்குப் பலமான குறுக்குச்சுவர் கட்ட வேண்டும், ஷாஃப்டை வெட்ட வேண்டும்.

ஏன் கழன்றது

இதைக் கேட்காமல் எந்தக் கப்ளிங்கை மாட்டினாலும் அதுவும் கழலும். என்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று, கியர்பாக்ஸ் அதைப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1200 சுற்று, மணிக்கு 72,000. இரண்டு ஃபிளேஞ்சும் நேராக இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. எந்த ஸ்க்ரூ தாங்கும்? பெரும்பாலும் இதற்குக் காரணம் என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள்தான். டீசலில் ஊறி மெத்தென்று ஆகி, என்ஜின் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும்.

அலைன்மென்டை, அதாவது இரண்டு ஃபிளேஞ்சும் நேராக நிற்கின்றனவா என்பதை, படகு தண்ணீரில் மிதக்கும்போது, பாய்மரக் கம்பிகள் வழக்கமான இறுக்கத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகத்தையும் தொட்டும் தொடாமலும் வைத்து, மேல், கீழ், இடம், வலம் நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 100 மி.மீ. ஃபிளேஞ்சுக்கு வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஷாஃப்டின் முனை தன் எடையிலேயே தொங்கும் என்பதை மறக்க வேண்டாம். 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் மீட்டருக்கு ஏறக்குறைய 3.9 கிலோ. கப்ளிங்கின் எடையையும், ஆதாரமில்லாமல் நிற்கும் ஷாஃப்டின் பாதி எடையையும் ஒரு சின்னத் தராசுக் கொக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

பிறகு கப்ளிங்கை மட்டும் அரைச்சுற்று திருப்பி மறுபடி அளக்கவும். இடைவெளி இருந்த இடத்திலேயே இருந்தால் என்ஜினை நகர்த்த வேண்டும். கப்ளிங்கோடு சேர்ந்து அதுவும் சுற்றி வந்தால் கப்ளிங் முகம் கோணல், அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அப்படியானால் என்ஜினை எவ்வளவு நகர்த்தினாலும் சரிவராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும்

ஸ்டஃபிங் பாக்ஸுக்கு முன்னால், படகுக்குள்ளே, ஷாஃப்டின் மேல் ஒரு பிளந்த வளையத்தைக் கவ்வ விடுங்கள். ஷாஃப்டில் மாட்டும் துத்தநாக வளையமே போதும். கப்ளிங் மொத்தமாகக் கைவிட்டாலும் ஷாஃப்ட் அந்த வளையம் முட்டும் வரைதான் போகும். ஸ்டஃபிங் பாக்ஸின் நட்டைத் திருப்ப இடம் விட்டு மாட்டவும். கடலில் இருக்கும்போது கப்ளிங் நழுவினால் ஷாஃப்டை உள்ளே தள்ளி, இரண்டு மூன்று ஹோஸ் கிளிப்பையோ ஒரு வைஸ் கிரிப்பையோ அதே இடத்தில் கவ்வ வையுங்கள். பிறகு கரை வரை பாயை விரித்துப் போகலாம். என்ஜின் தேவைப்பட்டால் மெதுவாக முன் கியரில் மட்டும், வைஸ் கிரிப்பைக் கழற்றிவிட்டு. சுழலும் ஷாஃப்டில் அது பக்கத்தில் இருக்கும் குழாயெல்லாம் அடித்து உடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் கப்ளிங்கின் பின்விளிம்பில் தொடங்கி ஷாஃப்ட் மேலும் நீளும்படி, நகப்பூச்சால் ஒரே கோடாக இழுத்து வைத்தேன். பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு கவ்வும் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கினேன். ஒரு கால் சுற்று கொடுத்தது, அது சகஜம். இப்போது எண்ணெய் பார்க்க மூடியைத் திறக்கும்போதெல்லாம் டார்ச் அந்தக் கோட்டுக்கும் போகிறது. கோடு நடுவில் உடைந்திருந்தால் கப்ளிங் சுற்றியிருக்கிறது, இடைவெளி விட்டிருந்தால் நழுவியிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்குப் படகைக் கிளப்புவதில்லை, ஃபீலர் கேஜிலிருந்து மறுபடி ஆரம்பம்.